ஆஸ்துமாவும் தடம் மாறிய எதிர்ப்புச் சக்தியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்துமா உள்ளவர்களும், ஆஸ்துமா இருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நோய் ஏன் வருகிறது என்று புரிந்தால்தான் மருந்தை ஏன் விடாமல் எடுக்க வேண்டும் என்பதும் புரியும். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டியவை.

எதிர்ப்புச் சக்தி குறைவாக இருப்பதால்தான் ஆஸ்துமா வருகிறதா?

பெரும்பாலும் நேர்மாறு. பிள்ளைக்கு இழுப்பு வந்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, “உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல” என்பதுதான். உடனே டானிக், சத்து மாவு, ‘இம்யூனிட்டி’ பவுடர் என்று வாங்கிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆஸ்துமாவில் எதிர்ப்பு அமைப்பு சோர்ந்து கிடப்பதில்லை. வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சியின் கழிவு, கரப்பான் பூச்சியின் துகள், பூஞ்சை, மகரந்தம் போன்றவை தாமாக நமக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. அவற்றைப் பார்த்ததும், உடலுக்குள் புகுந்த புழுவை விரட்டும் வேகத்தோடு எதிர்ப்பு அமைப்பு பாய்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. கொளுத்தப்படும் இடம் மூச்சுக்குழாய் என்பதால் மூச்சு திணறுகிறது.

ஆகவே சிகிச்சையின் நோக்கம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாக இருக்க முடியாது. தவறான திசையில் போகும் வேகத்தை அடக்க வேண்டும். முடிந்தால் அதைப் பழக்கி அமைதிப்படுத்த வேண்டும். கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புபவைதான்.

மூச்சுக்குழாய்க்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

தூசி நுண்பூச்சியையே எடுத்துக்கொள்வோம். தலையணையிலும் மெத்தையிலும் வாழும் இது நம் கண்ணுக்குத் தெரியாது. நாம் உதிர்க்கும் தோல் செதில்தான் இதன் சாப்பாடு. இதன் கழிவில் புரதத்தை வெட்டும் நொதிகள் இருக்கின்றன. மூச்சோடு உள்ளே போகும்போது அவை மூச்சுக்குழாயின் உட்சுவர் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகளைத் தளர்த்துகின்றன. சேதமடைந்த சுவர் செல்கள் சும்மா இருப்பதில்லை. டிஎஸ்எல்பி, ஐஎல்-33, ஐஎல்-25 என்ற எச்சரிக்கைப் புரதங்களை வெளியிடுகின்றன.

அதைக் கேட்டு இரண்டு கூட்டம் விழித்துக்கொள்கிறது. ஒன்று டிஎச்2 என்ற வெள்ளணு வகை. மற்றொன்று ஐஎல்சி2 என்ற செல்கள். இவை எந்தப் பொருள் உள்ளே வந்தது என்று அடையாளம் பார்ப்பதே இல்லை, எச்சரிக்கை வந்தாலே வேலையைத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து மூன்று புரதங்களைச் சுரக்கின்றன. ஐஎல்-4, ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்பொருளை உருவாக்கத் தூண்டுகிறது. ஐஎல்-5, எலும்பு மஜ்ஜையிலிருந்து ஈசனோபில் என்ற வெள்ளணுக்களை வரவழைத்து உயிரோடு வைத்திருக்கிறது. ஐஎல்-13, சளிச் சுரப்பைக் கூட்டி, குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சின்னத் தூண்டலுக்கும் சுருங்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது.

விளைவு: குழாய் வீங்குகிறது, சளி அடைக்கிறது, தசை இறுகுகிறது. மூன்றும் சேர்ந்ததுதான் அந்த விசில் சத்தம். பல ஆண்டுகள் இப்படியே விட்டால் குழாய்ச் சுவர் தடித்து, பழைய நிலைக்குத் திரும்புவது கடினமாகிவிடும். இழுப்பு இல்லாத நாட்களிலும் இந்த அழற்சி உள்ளே புகைந்துகொண்டே இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஐஜிஇ அதிகம் என்று ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது. அது என்ன?

1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆய்வு செய்த இஷிஸாகா தம்பதியர் கண்டறிந்த எதிர்பொருள் அது. ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடனிலும் தனியாகக் கண்டறியப்பட்டது. மாஸ்ட் செல் எனப்படும் செல்லின் மேல் இது ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தனக்குரிய ஒவ்வாமைப் பொருள் வந்து தொட்டதும் அந்தச் செல் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் என்ற, மூச்சுக்குழாயைச் சுருக்கும் பொருள்களைக் கொட்டும். போர்வையை உதறிய சில நிமிடங்களில் மூச்சு இறுகுகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

மொத்த ஐஜிஇ அளவை மட்டும் வைத்து ஆஸ்துமா என்று முடிவு கட்ட முடியாது. குடல் புழு இருந்தாலும் கூடும், தோல் கரப்பான் (எக்ஸிமா) இருந்தாலும் கூடும். எதற்கு எதிரான ஐஜிஇ என்பதும், மூச்சு ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி என்ன சொல்கிறது என்பதும்தான் முக்கியம்.

எனக்கு ‘ஈசனோபீலியா’ என்கிறார்கள். அதுவும் ஆஸ்துமாவும் ஒன்றா?

நம் பக்கத்தில் ‘ஈசனோபீலியா’ என்பதே ஒரு நோயின் பெயர்போல ஆகிவிட்டது. உண்மையில் அது ரத்தத்தில் ஒரு வகை வெள்ளணு கூடியிருப்பதைச் சொல்லும் வார்த்தை மட்டுமே. ரிப்போர்ட்டில் சதவீதத்தைப் பார்க்காமல், மொத்த எண்ணிக்கை எவ்வளவு என்று பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 150க்கு மேலோ 300க்கு மேலோ இருந்தால், ஆஸ்துமா உள்ள ஒருவருக்கு அது டிஎச்2 வகை என்பதற்கான அறிகுறி. மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளக்கும் பரிசோதனையும் இதற்குத் துணை. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்தால் ஈசனோபில் குறைந்துதான் தெரியும். அப்போது வந்த எண்ணை வைத்து “எனக்கு அந்த வகை இல்லை” என்று நினைத்துவிடக் கூடாது.

எண்ணிக்கை 3000ஐத் தாண்டினால் கதை வேறாக இருக்கலாம். யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழுவுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்வினையால், இரவு நேர இருமலும் இழுப்புமாக ஒரு நோய் வருகிறது. பார்வைக்கு அப்படியே ஆஸ்துமாதான். 1940இல் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையின் ஃப்ரிமோட்-மோல்லரும் பார்ட்டனும் இப்படிப்பட்ட நோயாளிகளை விவரித்து எழுதினார்கள். காசநோய் போலத் தோன்றியது, ஆனால் ஈசனோபில் எக்கச்சக்கமாக இருந்தது. இதற்கு டைஎதில்கார்பமசின் என்ற புழு மருந்தை வழக்கமாக மூன்று வாரம் கொடுக்கிறார்கள். ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் நோய் போகாது. யானைக்கால் நோய் பரவியிருந்த ஊர்க்காரர்கள், அங்கே வாழ்ந்து வந்தவர்கள் இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

டிஎச்1, டிஎச்2 சமநிலை குலைவதுதான் ஆஸ்துமா என்று படித்தேன். சரியா?

பாதி சரி. 1986இல் மோஸ்மனும் காஃப்மனும் எலியின் உதவி டி செல் என்ற வெள்ளணுக்களில் இரண்டு வகை இருப்பதைக் காட்டினார்கள். டிஎச்1 கிருமிகளைக் கவனிக்கும், டிஎச்2 புழுக்களையும் ஒவ்வாமையையும் சார்ந்தது, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற விளக்கம் அதிலிருந்து பிறந்தது. எளிமையாக இருந்ததால் வேகமாகப் பரவியது. டிஎச்1-ஐத் தூக்கிவிட்டால் ஆஸ்துமா தானாக இறங்கிவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்தது.

அப்படி நடக்கவில்லை. டிஎச்1 பக்கத்தைத் தூண்டும் ஐஎல்-12 என்ற புரதத்தை ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000இல் வெளியானது. ஈசனோபில் குறைந்தது. மூச்சுக்குழாயின் எரிச்சல் தன்மை குறையவில்லை. பக்க விளைவும் இருந்தது. இன்னொரு பக்கம், டிஎச்1 மிகுதியோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் வகை நீரிழிவும் ஆஸ்துமாவும் பல நாடுகளில் ஒன்றாகவே கூடின. இரண்டு வகை மட்டுமே இருந்திருந்தால் இது பொருந்தாது.

விட்டுப்போன மூன்றாவது ஆள் கட்டுப்படுத்தும் டி செல். மற்ற வெள்ளணுக்களைப் “போதும், நிறுத்து” என்று அடக்குவது இதன் வேலை. 1995இல் இதை அடையாளம் காட்டிய ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, இதற்கு அடிப்படையான ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்த மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு உறுப்புகள் தாக்கப்படுவதோடு, கடுமையான தோல் அழற்சியும் மிக உயர்ந்த ஐஜிஇயும் சேர்ந்தே வருகின்றன. ‘சமநிலை’ என்று சொல்வதானால், தூண்டுபவர்களுக்கும் அடக்குபவர்களுக்கும் இடையிலான சமநிலை என்று புரிந்துகொள்வதே என் பார்வையில் சரி.

சிலருக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

மரபு ஒரு காரணம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆஸ்துமா, தும்மல், தோல் கரப்பான் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். ஆனால் மரபு மட்டும் என்றால் சில பத்தாண்டுகளில் நோய் இவ்வளவு பெருகியிருக்காது. 1989இல் பிரிட்டனின் டேவிட் ஸ்ட்ராகன், அண்ணன் அக்காமார் அதிகம் உள்ள குழந்தைகளுக்கு ஒவ்வாமைச் சளி குறைவாக இருப்பதைக் கவனித்து, சிறு வயதில் கிருமிகளோடு பழகாததுதான் காரணமோ என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்து இதற்கு மிகத் தெளிவான ஆதாரம் அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் மக்களிடம் கிடைத்தது. இரு சமூகத்தாரும் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள், இருவருக்கும் மரபு மிக நெருக்கம். இருவரும் விவசாயிகள், இருவருக்கும் பெரிய குடும்பங்கள், சாப்பாடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஆமிஷ் மக்கள் இன்னும் குதிரை பூட்டி உழுகிறார்கள். மாட்டுத் தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கிறது, பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணை பெரியது, எந்திரமயமானது, வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா ஆமிஷ் பக்கம் சுமார் 5 சதவீதம், ஹட்டரைட் பக்கம் சுமார் 21 சதவீதம். 2016இல் வெளியான ஆய்வில் இரு தரப்பு வீட்டுத் தூசியையும் அளந்தார்கள். பாக்டீரியாவின் மேலோட்டிலிருந்து வரும் எண்டோடாக்சின் ஆமிஷ் வீடுகளில் ஏறக்குறைய 7 மடங்கு அதிகம். அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபோது அவற்றுக்கு ஆஸ்துமா போன்ற அழற்சி வரவில்லை. ஹட்டரைட் வீட்டுத் தூசியால் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

அப்படியானால் பிள்ளையை மாட்டுத் தொழுவத்தில் விளையாட விடலாமா? சுத்தம் தேவையில்லையா?

கை கழுவுவதை விட வேண்டாம். வயிற்றுப்போக்குக் கிருமிகள் யாரையும் பாதுகாப்பதில்லை. தொழுவம் பாதுகாப்பது பிறந்ததிலிருந்தே அங்கே வளரும் குழந்தைகளைத்தான். ஏற்கெனவே ஆஸ்துமா வந்துவிட்ட எட்டு வயதுப் பிள்ளையை வைக்கோல் தூசியில் விட்டால் இழுப்புதான் வரும்.

ஒரு சாதாரண சளி பிடித்தாலே இழுப்பாக மாறுகிறதே, ஏன்?

குழந்தைகளின் ஆஸ்துமாத் தாக்குதலில் பெரும்பகுதி ரைனோவைரஸ் போன்ற சாதாரணச் சளி வைரஸ்களால் தொடங்குவதுதான். இங்கேதான் “எதிர்ப்புச் சக்தி குறைவு” என்ற பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆஸ்துமா உள்ள சிலரின் மூச்சுக்குழாய் செல்கள், வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரானைக் குறைவாகவோ தாமதமாகவோ சுரப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வாமைப் பக்கம் ஓங்கி நிற்கும்போது வைரஸ் எதிர்ப்புப் பக்கம் மந்தப்படுகிறது. இதற்கு டானிக் உதவாது. ஐஜிஇயை முடக்கும் ஒமலிஸுமாப் ஊசி போட்ட அமெரிக்கக் குழந்தைகளிடம், பள்ளி திறந்ததும் சளியோடு வரும் ஆஸ்துமாத் தாக்குதல் வெகுவாகக் குறைந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது மிகையாக இருந்த பக்கத்தை அடக்கியதும் வைரஸ் காலத்துத் தாக்குதலும் தணிந்தது.

ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

எல்லா ஆஸ்துமாவும் அலர்ஜிதானா?

இல்லை. அலர்ஜியே இல்லாமல் நடு வயதில் திடீரென்று தொடங்கி, ஈசனோபில் மட்டும் மிக அதிகமாக இருக்கும் வகை உண்டு. மூக்கில் சதை வளர்ச்சியும், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைக்குக் கடும் இழுப்பும் சேர்ந்து வரும் வகையும் உண்டு. இவர்கள் பல் டாக்டரிடம் போனாலும் எலும்பு டாக்டரிடம் போனாலும் முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் “தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்கிப் போடக் கூடாது.

ஈசனோபிலும் இல்லாமல், ஐஜிஇயும் இல்லாமல், நியூட்ரோபில் என்ற வேறொரு வெள்ளணு மட்டும் நிறைந்த வகையும் இருக்கிறது. உடல் பருமன், புகைபிடித்தல், புகை நெடியில் வேலை செய்வது போன்றவற்றோடு இது சேர்ந்து வருகிறது. ஸ்டீராய்டுக்கு அவ்வளவாகக் கேட்காது. ஐஎல்-17 என்ற புரதத்தின் பாதையை அடைத்தால் சரியாகும் என்று எண்ணி ப்ரோடலுமாப் மருந்தைச் சோதித்தார்கள். 2013இல் வெளியான முடிவில் பலன் இல்லை. வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுத்த ஆஸ்திரேலிய ஆய்வில் தாக்குதல்கள் குறைந்தன. அதையும் இதயத் துடிப்பு, காது கேட்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நிபுணர் சொல்லாமல் தொடாதீர்கள்.

இன்ஹேலரில் இருப்பது ஸ்டீராய்டு என்கிறார்களே. பயமாக இருக்கிறது.

இந்தப் பயம்தான் நம் ஊரில் ஆஸ்துமாவை மோசமாக்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். உலகின் ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில் நடப்பதாக மதிப்பிடுகிறார்கள். நோயாளிகளில் நம் பங்கு அவ்வளவு இல்லை. அழற்சியை அடக்கும் மருந்தை எடுக்காமல் விடுவது இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று.

1972 வாக்கில் பெக்லோமெத்தாசோன் இன்ஹேலர் வந்ததுதான் ஆஸ்துமா சிகிச்சையின் பெரிய திருப்பம். மேலே சொன்ன ஐஎல்-4, 5, 13 உற்பத்தியை ஸ்டீராய்டு அந்த இடத்திலேயே அடக்குகிறது, ஈசனோபில்கள் மடிகின்றன. அளவைப் பாருங்கள். தாக்குதலின்போது கொடுக்கும் பிரெட்னிசலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். புடெசொனைட் இன்ஹேலரில் பலருக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் போதும். இன்ஹேலருக்குப் பயந்து, மூச்சு முட்டும்போதெல்லாம் மருந்துக்கடையில் ‘மூச்சு மாத்திரை’ வாங்கிப் போடுபவர்கள்தான் உண்மையில் அதிக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்கள். அந்தப் பொட்டலத்தில் டெக்சாமெத்தாசோனோ பீட்டாமெத்தாசோனோ இருக்கும். எலும்பு தேய்வது, சர்க்கரை ஏறுவது, கண்புரை, முகம் உப்புவது எல்லாம் அதன் பலன்கள்.

பக்க விளைவே இல்லையா என்றால், இருக்கிறது. தொண்டை கரகரப்பு வரும், நாக்கில் வெள்ளைப் படலம் படியும். ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. தினமும் 400 மைக்ரோகிராம் புடெசொனைட் சில ஆண்டுகள் எடுத்த அமெரிக்கக் குழந்தைகள் பெரியவர்களானபோது உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து மூச்சு வாங்கும் பிள்ளைக்கு இது ஏற்கத்தக்க விலை என்றே நான் சொல்வேன். கட்டுப்பாட்டுக்கு வந்ததும் மருத்துவர் அளவைக் குறைப்பார்.

எடுக்கும் முறையைக் கவனியுங்கள். பாதிப் பேருக்கு மருந்து வேலை செய்யாமல் போவது இங்கேதான். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசர் என்ற குழல் போன்ற கூட்டில் பொருத்தி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஸ்பேசரின் வாயை உதட்டால் இடைவெளி இல்லாமல் கவ்விக்கொள்ள வேண்டும். ஒரு பஃப் அழுத்தியதும் மெதுவாக, ஆழமாக இழுத்து 10 விநாடி அடக்க வேண்டும். சிறு குழந்தையானால் மாஸ்க் வைத்து, சாதாரணமாக 5, 6 முறை மூச்சு விடச் செய்தால் போதும். இரண்டாவது பஃப்புக்கு மறுபடியும் குலுக்க வேண்டும். ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காய விடுங்கள். துடைத்தால் உள்ளே நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

நீல நிற இன்ஹேலர் அடித்தால் உடனே சரியாகிவிடுகிறது. அது மட்டும் போதாதா?

போதாது. அதில் இருப்பது சால்புடமால். இறுகிய தசையைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. அடிக்கடி அதையே நம்பினால் உள்ளே வீக்கம் வளர்வது தெரியாமலே போய்விடும். உலக அளவில் ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜீனா அமைப்பு, 2019 முதல் வளர்ந்த பிள்ளைகளும் பெரியவர்களும் சால்புடமாலை மட்டும் தனியாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. புடெசொனைடும், தசையைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரை, மூச்சு முட்டும்போது நிவாரணத்துக்கும் பயன்படுத்தலாம். தளர்த்தும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழற்சி மருந்தும் உள்ளே போய்விடுகிறது. இது ஃபார்மோடெரால் உள்ள இன்ஹேலருக்கு மட்டுமே பொருந்தும். சால்மெடெரால் உள்ளதை அப்படி அடிக்கக் கூடாது.

புதிதாக வந்த ‘பயாலஜிக்’ ஊசிகள் என்ன செய்கின்றன?

ஸ்டீராய்டு பொதுவாக எல்லாவற்றையும் அடக்கும். பயாலஜிக் அந்த அழற்சிச் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியைப் பிடித்து முடக்கும். ஐஜிஇயைப் பிடிக்கும் ஒமலிஸுமாப் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐஎல்-5ஐப் பிடிக்கும் மெபோலிஸுமாப் 2015இல், ஈசனோபிலின் மேல் உள்ள ஐஎல்-5 ஏற்பியைப் பிடித்து அந்தச் செல்லையே அழிக்கும் பென்ராலிஸுமாப் 2017இல், ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டின் பாதையையும் அடைக்கும் டுபிலுமாப் ஆஸ்துமாவுக்கு 2018இல், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் எச்சரிக்கைப் புரதமான டிஎஸ்எல்பியைப் பிடிக்கும் டெஸிபெலுமாப் 2021இல் வந்தன.

மெபோலிஸுமாபின் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2000இல் முதன்முதலாகப் பரிசோதித்தபோது ரத்த ஈசனோபில் சரிந்தது, நோயாளிக்கு மட்டும் முன்னேற்றம் இல்லை. 2007இல் 300க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வும் ஏமாற்றம்தான். ஈசனோபிலுக்கும் ஆஸ்துமாவுக்கும் சம்பந்தமே இல்லையோ என்றுகூடப் பலர் சந்தேகப்பட்டார்கள். 2009இல் இரண்டு சிறிய ஆய்வுகள் ஒரே ஒரு மாற்றத்தோடு வந்தன. ஸ்டீராய்டு எடுத்தும் சளியில் ஈசனோபில் அடங்காத, அடிக்கடி தாக்குதல் வரும் நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். தாக்குதல்கள் தெளிவாகக் குறைந்தன. மருந்து அதேதான், ஆள் தேர்வுதான் மாறியது. எந்தக் கண்ணி கெட்டிருக்கிறது என்று பார்க்காமல் சிகிச்சை தொடங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அந்த ஊசி தேவையா?

ஆஸ்துமா உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. ஒழுங்காக எடுக்கும் இன்ஹேலரே போதும். அதிக அளவு இன்ஹேலர் சரியான முறையில் எடுத்தும், ஆண்டில் இரண்டு மூன்று முறை ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படுபவர்கள், தினமும் மாத்திரையை நம்பியிருப்பவர்கள் பரிசீலிக்கலாம். பொருத்தமானவர்களுக்குத் தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைகின்றன, சிலருக்கு இன்னும் அதிகமாக. மேலே சொன்னவற்றில், மருந்தைப் பொறுத்து 2 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஊசி. விலை மிக அதிகம், பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். கடன் வாங்கித் தொடங்கிப் பாதியில் நிறுத்துவதைவிட, எவ்வளவு காலம், மொத்தம் எவ்வளவு செலவு, காப்பீடு ஏற்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

தொடங்கும் முன் குடல் புழு இருக்கிறதா என்று பார்த்து மருந்து எடுக்க வேண்டும். டிஎச்2 பக்கம் புழுவை எதிர்ப்பதற்காகவே உண்டானது என்பதால், அதை அடக்கும்போது புழு துளிர்க்க இடம் கொடுக்கக் கூடாது.

அலர்ஜி ஊசி போட்டால் நிரந்தரமாகச் சரியாகுமா?

இது எதிர்ப்பு அமைப்பைப் பழக்கும் வைத்தியம். 1911இல் லண்டனில் லியோனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றித் தொடங்கி வைத்தார். கட்டுப்படுத்தும் டி செல்கள் பெருகுவதும், ஐஜிஇயை மறித்து நிற்கும் ஐஜிஜி4 என்ற எதிர்பொருள் உருவாவதும் இதன் பலன் என்று பின்னால் தெரிந்தது. தூசி நுண்பூச்சி அலர்ஜி நிச்சயமாக உள்ளவர்களுக்கு, ஊசியாகவோ நாக்கின் அடியில் வைக்கும் மருந்தாகவோ 3 முதல் 5 ஆண்டுகள் கொடுக்கப்படுகிறது. நிறுத்திய பிறகும் சில ஆண்டுகள் பலன் நிற்கிறது. வேறு எந்த ஆஸ்துமா மருந்துக்கும் இந்தத் தன்மை இல்லை. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோது இதைத் தொடங்குவது ஆபத்து. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். 20, 30 பொருளைக் கலந்து ஒரே பாட்டிலில் கொடுக்கும் இடங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹைதராபாத் மீன் மருந்து, மூலிகைப் பவுடர் இவற்றால் குணமாகுமா?

ஜூன் மாதத்தில் விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள். கூட்டம் பெரிது, நம்பிக்கையும் பெரிது. ஆஸ்துமாவைக் குணமாக்குவதற்கான அறிவியல் ஆதாரம் கிடையாது. போக விரும்புபவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: இன்ஹேலரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். பெயர் இல்லாத பொட்டலப் பவுடரால் இரண்டே நாளில் மூச்சு சரியானால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். துளசிக் கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும், குடிக்கலாம்.

தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். சாப்பிட்டதும் அரிப்போ வீக்கமோ இழுப்போ நிச்சயமாக வருகிறது என்றால் மட்டும் அந்த ஒரு பொருளை நிறுத்துங்கள். ஊரார் சொல்லும் பட்டியலையெல்லாம் விலக்கி, பிள்ளையை எலும்பும் தோலுமாக ஆக்க வேண்டாம். சாம்பிராணி, கொசுவர்த்தி, போகிப் புகை, மிளகாய் வறுக்கும் நெடி இவற்றை விலக்குங்கள். இவை அலர்ஜியால் அல்லாமல் நேரடி எரிச்சலால் மூச்சுக்குழாயைச் சுருக்குபவை.

கர்ப்ப காலத்தில் இன்ஹேலரை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். அம்மாவுக்கு ஆக்சிஜன் குறைந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் குறையும். மருந்தைவிட ஆஸ்துமாத் தாக்குதல்தான் அதிக ஆபத்து.

திடீரென்று கடுமையாக இழுத்தால் வீட்டில் என்ன செய்வது?

நிமிர்ந்து உட்கார வையுங்கள். சால்புடமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக 4 முதல் 10 வரை கொடுக்கலாம். தேவைப்பட்டால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை என முதல் ஒரு மணி நேரம் தொடரலாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, குழந்தை சோர்ந்து தூங்கப் பார்க்கிறது, விலாவுக்கு இடையில் தோல் உள்ளே இழுக்கிறது என்றால் முதல் பஃப்போடு 108ஐயும் கூப்பிடுங்கள். விசில் சத்தம் திடீரென்று அடங்கி மூச்சுத் திணறல் மட்டும் தொடர்ந்தால் அது முன்னேற்றம் இல்லை, காற்று உள்ளே போகவே இல்லை என்று பொருள்.

முழுசாகக் குணமாகும் நாள் வருமா?

சிறு வயது இழுப்பு பலருக்கு வளர வளர அடங்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு ‘குணம்’ என்று மருத்துவர்கள் சொல்வதில்லை. அறிகுறியும் தாக்குதலும் ஸ்டீராய்டு மாத்திரையும் இல்லாமல் ஓராண்டுக்கு மேல் நுரையீரல் நிலையாக இருப்பதைத் தணிவு நிலை என்கிறார்கள். பயாலஜிக் எடுப்பவர்களில் ஒரு பகுதியினர் அதை எட்டுகிறார்கள். ஊசியை நிறுத்தினால் பலருக்கு மறுபடி தலைகாட்டுகிறது.

அண்மை ஆண்டுகளில் நடந்த வேலைகளில் இரண்டு எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகின்றன. ஆறு மாதத்துக்கு ஒரே ஊசியாகப் போடும் டெபிமோகிமாப், ஐஎல்-5ஐப் பிடிக்கும் மருந்து. 2024இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் தாக்குதல்களைச் சுமார் பாதியாகக் குறைத்தது. அதே ஆண்டு பிரிட்டனில், ஈசனோபில் கூடி ஆஸ்துமா அல்லது சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயின் தாக்குதலோடு வந்தவர்களுக்கு, அந்த நேரத்திலேயே ஒரு பென்ராலிஸுமாப் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பிரெட்னிசலோன் மட்டும் எடுத்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் சிகிச்சை தோற்றது. ஊசி போட்டவர்களில் அது 45 சதவீதம். தாக்குதலின்போது ஸ்டீராய்டு மாத்திரையைத் தவிர வேறு வழியே இல்லாமல் இருந்த இடத்தில் இது பெரிய செய்தி. 158 பேரிடம் மட்டுமே நடந்த ஆய்வு என்பதால், வழக்கமான சிகிச்சையாக ஆவதற்கு முன் இன்னும் பெரிய ஆய்வுகள் முடிய வேண்டும்.